அட்டமைசர்: அணுவாக்கியா, ஆவியாக்கியா?

கம்பம் நகரில் ஒரு பள்ளிக்காக மின்சிகரெட் பற்றிய எச்சரிக்கைக் குறிப்பைத் திருத்தித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். அதில் ‘சொட்டுவிட்டுப் புகைப்பதற்காக மாற்றியமைக்கப்பட்ட அணுவாக்கி’ என்றொரு தொடர் இருந்தது. மின்சிகரெட்டில் திரவத்தைப் புகைபோலாக்கும் உறுப்பான அட்டமைசர் என்பதைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம் நடந்த எங்கள் தேனி மாவட்டத்தில், அணு என்ற சொல் அச்சத்தோடுதான் காதில் விழும். அந்தக் குறிப்பைப் படிக்கும் பிள்ளை அக்கருவிக்குள் அணுசக்தி இருப்பதாக எண்ணிக்கொண்டால், உண்மையான ஆபத்தான நிக்கோட்டின் அதன் கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஆகவே இச்சொல்லை வேரிலிருந்து பார்ப்பது அவசியமாகிறது.

அணுவைக் குறிக்கும் ‘ஆட்டம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேரான ‘ஆட்டமோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ‘வெட்ட முடியாதது’ என்று பொருள். லூசிப்பஸ், டெமாக்ரிட்டஸ் ஆகிய பண்டைக் கிரேக்க மெய்யியலாளர்கள் பொருளின் கடைசிக் கூறுக்கு அதைப் பெயராக்கினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டால்டனின் கொள்கையால் அது வேதியியலின் அடிப்படைச் சொல்லானது. அதே நூற்றாண்டில், தொண்டைக்கு மருந்து பீய்ச்சவும் பின்னர் வாசனைத் தைலம் தெளிக்கவும் பயன்பட்ட கருவிக்கு ஆங்கிலத்தில் அட்டமைசர் என்று பெயரிட்டபோது, ‘மிக மிகச் சிறிதாக்குவது’ என்பதே கருத்தாக இருந்தது. அதாவது பெயரிலுள்ள அணு ஓர் உயர்வு நவிற்சி மட்டுமே. ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, விட்டமுள்ள நீர்த்திவலையில்கூடச் சுமார் 1,700 கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. எந்தத் தெளிப்பானும் அவற்றை அணுவாக உடைப்பதில்லை. ஆங்கிலத்தின் உயர்வு நவிற்சியைத் தமிழில் எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் அது பொய்யாகிவிடுகிறது.

மின்சிகரெட்டுக்கு இச்சொல் வந்த வழியில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. சீன மருந்தாளுநர் ஹோன் லிக் 2003இல் காப்புரிமை கோரிய கருவியில், மீயொலி அதிர்வு திரவத்தை நுண்திவலைகளாகச் சிதறடித்தது. அங்கே அட்டமைசர் என்ற பெயர் ஓரளவு பொருந்தியது. பின்வந்த கருவிகளில் அதிர்வு போய், மின்சாரத்தால் சூடாகும் கம்பிச்சுருள் இடம்பிடித்தது. நிக்கல், குரோமியம் கலந்த நிக்ரோம் கம்பியும், இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தல் கம்பியும் இதற்குப் பயன்பட்டன. இப்போது நடப்பது சிதறடித்தல் அன்று, கொதிக்கவைத்தல். வேலை மாறிய பின்னும் பெயர் மாறவில்லை.

‘டிரிப்பிங்’ என்பது இந்தச் சூட்டுச்சுருளின் மேல் திரவத்தை நேராகச் சொட்டுவிடுவது. தொடக்கக் காலக் கருவிகளில், திரவம் ஊறிய பஞ்சடைத்த சிறு குப்பி ஒன்று அட்டமைசரின் உலோகவலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ‘பாலம்’ எனப்பட்ட அந்த வலை வழியாகத் திரவம் சுருளுக்குப் போகும். வரத்து போதாதபோது, சிலர் குப்பியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு முறையும் சில சொட்டுகளை விட்டு இழுத்தனர். பின்பு பாலத்தையே பிடுங்கி எறிந்தனர். இந்த மாற்றியமைப்பிலிருந்துதான் சொட்டுவிடுவதற்கென்றே செய்யப்பட்ட, சுருளையும் பஞ்சையும் பயன்படுத்துபவரே மாற்றிக்கொள்ளும் கருவிகள் வந்தன. சொட்டு வற்றியதும் சுருளின் சூடு ஏறிவிடும் என்பதே இம்முறையின் பெருங்கேடு. திரவத்திலுள்ள புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் அளவு மீறிச் சூடாகும்போது சிதைந்து ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. அந்தக் காலத்தில், குப்பியையும் அட்டமைசரையும் ஒன்றாக்கிய கருவிக்குக் கார்ட்டோமைசர், திரவம் வெளியே தெரியும் கருவிக்குக் கிளியரோமைசர் என்று கிளைத்த பெயர்களையும் கவனிக்க வேண்டும்: ‘வெட்ட முடியாதது’ என்று பொருள்பட்ட சொல்லையே நடுவில் வெட்டி, பின்பாதியை விகுதியாக ஒட்டியிருக்கிறார்கள். வேர்ப்பொருளைப் பற்றிக்கொண்டு மொழிபெயர்ப்பது எவ்வளவு வீண் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? சொட்டுநீர்ப் பாசனம், தெளிப்புநீர்ப் பாசனம் என்ற இரண்டின் வேறுபாட்டைக் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்து விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தெளிப்பதற்கும் சொட்டுவிட்டுக் கொதிக்கவைப்பதற்கும் இடையே, அட்டமைசர் என்னும் ஒரே சொல்லுக்குள் குழம்பிக் கிடக்கும் வேறுபாடும் அதற்கு நெருக்கமானதே. குமுளி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பூச்சிமருந்து தெளிப்பதை ‘மருந்து அடிக்கிறது’ என்பார்கள். அங்குள்ள மலையாளிகளும் ‘மருந்நு அடிக்குக’ என்றே சொல்வார்கள். நீர் தெளிப்பதற்கு மலையாளத்தில் ‘தளிக்குக’ என்று பெயர். நம் பழந்தமிழில் ‘தளி’ என்றால் மழைத்துளி. துளித்தல் என்ற வினைப்பொருளும் அதற்கு உண்டு. நம் பேச்சில் நின்றுபோன சொல் எல்லைக்கு அப்பால் அன்றாட வழக்கில் இருப்பதைக் கேட்கும்போது மனம் நிறைகிறது. ஆனாலும் வாசனைத் தைலக் குப்பிக்கும் தொண்டை மருந்துக்கும் ‘தெளிப்பான்’ என்ற நிலைபெற்ற சொல்லே போதும். தளியை மீட்க வேண்டும் என்ற ஆசைக்காகப் பழகிய சொல்லைத் தள்ளக் கூடாது.

மின்சிகரெட்டின் உறுப்புக்கு ‘ஆவியாக்கி’ என்பதே என் தெரிவு. சுருளிலிருந்து எழுவது ஆவிதான் என்றாலும், அது உடனே குளிர்ந்து நுண்திவலைகளாகி விடுகிறது. மூச்சில் போவது அந்தத் திவலைப் படலமே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் உறுப்புக்குப் பெயர் வைக்கும்போது அது செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும், வெளியே வந்தபின் நேர்வதை அன்று. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு மின்சிகரெட் தடைச் சட்டமும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுப்பதற்கான காற்றுக்கரைசலை (ஏரோசால்) உண்டாக்கும் மின்னணுக் கருவி என்றே மின்சிகரெட்டை வரையறுக்கிறது. அணுவாக்குதல் என்ற பேச்சு அங்கும் இல்லை. ‘ஆவி பிடித்தல்’ நல்ல மருத்துவமாயிற்றே, அந்த நற்பெயர் இதற்கும் போய்விடாதா என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டார். அது எனக்கும் உறுத்தியது. அதனால் குறிப்பில் தனியே ஆவியாக்கி என்று எழுதாமல், ‘நிக்கோட்டின் ஆவியாக்கி’ என்றும், சொட்டுவிடும் வகையை ‘சொட்டு ஆவியாக்கி’ என்றும் திருத்திக் கொடுத்தேன்.