ஓட்ஸ் கஞ்சியின் கொழகொழப்பை வடித்துவிடாதீர்கள்

குடியாத்தத்தில் இருக்கும் என் மாமாவுக்கு ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு, காலையில் ஓட்ஸ் சாப்பிடவும் சொன்னார். மாமாவுக்கு மனசு ஒப்பவில்லை. "கேழ்வரகுக் கூழ் குடிச்சு வளர்ந்த உடம்புப்பா இது. அதுல இல்லாத நார்ச்சத்தா ஓட்ஸுல இருக்கு?" என்று கேட்டார். வட ஆற்காட்டுக்காரர் யாராக இருந்தாலும் இதைத்தான் கேட்பார்.

முதல் நாள் அத்தை ஓட்ஸை வேகவைத்து, சோறு வடிப்பது போலக் கஞ்சியை வடித்துவிட்டார். கொழகொழவென்று இருந்தது பிடிக்கவில்லையாம். ஓட்ஸில் டாக்டர் எதிர்பார்த்த பலனில் ஒரு பங்கு அந்த வடிகஞ்சியோடு போயிருக்கும்.

பத்து நிமிடம் கொதித்த ஓட்ஸில் கரண்டியை விட்டுத் தூக்கினால், கஞ்சி சொட்டாமல் இழுபட்டு விழும். பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கேழ்வரகிலும் நார்ச்சத்து நிறையத்தான் இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி தண்ணீரில் கரையாதது. அது மலச்சிக்கலுக்கு நல்லது. கூழ் கெட்டியாவது மாவுச்சத்தால். அந்த மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரித்துவிடும். பீட்டா குளுக்கனைச் செரிக்கும் என்சைம் நம் உடம்பில் கிடையாது. அதனால் சிறுகுடல் முழுக்கக் கொழகொழப்பு மாறாமல் போகிறது.

சரி, அதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலத்தைக் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்துதான் செய்கிறது. வேலை முடிந்த பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பும். காலி பாட்டிலைத் திரும்ப வாங்கி நிரப்பும் சோடாக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் திரும்பி வந்துகொண்டே இருக்கும்வரை அவர் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பீட்டா குளுக்கன் இந்தப் பித்த அமிலத்தில் ஒரு பங்கைத் தன் கூழுக்குள் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. திரும்பி வராத பாட்டிலுக்குப் பதில் புதிது வேண்டுமே! கல்லீரல் ரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்துப் புதுப் பித்த அமிலம் செய்கிறது. ரத்தத்தில் அளவு இறங்குகிறது.

இதற்குத் தினமும் 3 கிராம் பீட்டா குளுக்கன் வேண்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997-ல் ஓட்ஸ் பாக்கெட்டில் இதய நலம் பற்றி எழுத அனுமதித்தபோது வைத்த அளவும் இதுதான். சுமார் 75 கிராம் ஓட்ஸில் இது கிடைக்கும். ஒரே வேளையில் சாப்பிட முடியாவிட்டால் காலையும் இரவுமாகப் பிரித்துக்கொள்ளலாம். கெட்ட கொலஸ்ட்ரால் 5 முதல் 7 சதவீதம் குறையும். மாத்திரை இதைவிடப் பல மடங்கு குறைக்கும், அதனால் ஓட்ஸை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மசாலா ஓட்ஸ் பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். அதில் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. மாமா வீட்டில் இப்போது சாதா ஓட்ஸ்தான். அத்தை வடிப்பதை விட்டுவிட்டார். ஆறவைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கூழ் கரைப்பது போலவே கரைத்துக் கொடுக்கிறார். வேலூர் வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று மாமாவும் சொம்பை நீட்டுகிறார்.