வீட்டு அலுவலகத்தில் முதுகுத்தண்டு எப்படித் தண்ணீர் குடிக்கிறது?

கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: “சாப்பாட்டு மேசையையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் வைத்தே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். மாலையானால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இருபதாயிரம் ரூபாய் கொடுத்து நல்ல நாற்காலி வாங்கினால் சரியாகிவிடுமா? 90 டிகிரியில் நிமிர்ந்து உட்காருவதுதான் முறை என்கிறார்களே, அது உண்மையா?”

நாற்காலிக்கு வருவதற்கு முன், அது தாங்கப்போகும் முதுகெலும்புக்குள் சற்று நுழைந்துவிட்டு வருவோம். முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் வட்டுகள் இருக்கின்றன என்பது பள்ளியில் படித்ததுதான். மருத்துவமனையில் டிஸ்க் என்பதும், ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்று வீடுகளில் பேசிக்கொள்ளும் அந்த ஜவ்வும் இதேதான். மொத்தம் 23 வட்டுகள்; ஒவ்வொன்றிலும் வெளியே வெங்காயம்போல் அடுக்கடுக்கான நார் வளையம், நடுவில் நுங்கின் சதைபோன்ற கூழ். பாடப்புத்தகம் இத்துடன் நின்றுவிடுகிறது. என்னை வியக்கவைப்பது இதற்கு அடுத்த செய்தி: வளர்ந்த மனித உடலில் ரத்தக்குழாய் இல்லாத உறுப்புகளுள் மிகப் பெரியது இந்த வட்டுதான். வெளி ஓரத்தைத் தாண்டி உள்ளே ஒரு தந்துகிகூடச் செல்வதில்லை. அப்படியானால், நடுக்கூழில் வாழும் செல்களுக்கு யார் சோறு போடுகிறார்கள்?

விடை தண்ணீரில் இருக்கிறது. இரவில் ஒரு துண்டு பாதாம் பிசினை ஊறவைத்தால், காலையில் பாத்திரம் நிறையக் கூழாகப் பொங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வட்டின் நடுவிலும் ஏறத்தாழ அதே வேலைதான் நடக்கிறது. அங்கே அக்ரிக்கன் என்ற மிகப் பெரிய மூலக்கூறுகள் நிறைந்திருக்கின்றன. பாட்டில் கழுவும் தூரிகையைப்போல, நடுத்தண்டிலிருந்து நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் அவற்றின் சர்க்கரைச் சங்கிலிகள் முழுவதும் எதிர்மின் சுமை கொண்டவை. எதிர்மின் சுமை சோடியம் அயனிகளை இழுக்க, அயனிகள் அடர்ந்த இடத்துக்குச் சவ்வூடு பரவலால் நீர் தானாக வந்து சேர்கிறது. கட்டுப்பாடில்லாமல் விட்டால் கூழ் பிசினைப்போலவே பொங்கிக்கொண்டே போகும். நார் வளையமும் நம் உடல் எடையும்தான் அதை அடக்கி வைத்திருக்கின்றன. ஆகவே வட்டு என்பது இரண்டு விசைகளின் ஓயாத இழுபறி: உள்ளிருந்து நீரை உறிஞ்சும் வேட்கை, வெளியிலிருந்து நீரைப் பிழியும் சுமை.

நாம் படுத்தால் சுமை குறைந்து வட்டு நீரைக் குடிக்கிறது. எழுந்து நின்றாலோ உட்கார்ந்தாலோ நீர் மெல்லக் கசிந்து வெளியேறுகிறது. ஒரு நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை நீர் இப்படிப் போய் வருகிறது. உணவு வரும் வழி, மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளின் தந்துகிகளிலிருந்து மெல்லிய குருத்தெலும்புத் தட்டு வழியாகத்தான். குளுக்கோஸ், ஆக்சிஜன் போன்ற சிறிய மூலக்கூறுகள் பெரும்பாலும் விரவலால், அதாவது செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவி, தாமாகவே நடந்து வருகின்றன. பெரிய மூலக்கூறுகளை நீரோட்டம் சுமந்து வருகிறது. நடுவில் இருக்கும் செல்லுக்கும் அருகிலுள்ள ரத்தக்குழாய்க்கும் இடையே 7, 8 மில்லிமீட்டர் தொலைவு இருக்கலாம். செல்லின் அளவோடு ஒப்பிட்டால் அது பெரும் பயணம். ஒரே நிலையில் நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தால் நீர் போன கூழ் இறுகி, அந்தப் பாதை இன்னும் அடர்ந்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்கப் பென்சில் போதும். காலையில் எழுந்தவுடன் நிலைக்கதவில் முதுகை ஒட்டி நின்று, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போடுங்கள். இரவு படுக்கப்போகும் முன் மீண்டும் ஒரு கோடு போடுங்கள். என் வீட்டு நிலையில் இரண்டு கோடுகளுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கிறது. அந்தக் குறைவில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது என்பதுதான் வியப்பு. எழுந்தவுடன் வட்டு நீர் நிறைந்து விறைத்திருப்பதால்தான், அந்த நேரத்தில் குனிந்து தண்ணீர்க் கேனைத் தூக்க வேண்டாம் என்கிறேன். விண்வெளியில் எடையே தெரியாமல் வாழும் வீரர்களின் உயரமும் 3 விழுக்காடு வரை கூடுகிறது.

வட்டுக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை 1960களில் சுவீடனின் ஆல்ஃப் நாகெம்சன் ஊசி செலுத்தி அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்பது அவர் கண்டது. 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே என்ற ஆய்வாளரின் குழு நுண்ணிய உணரியைப் பொருத்தி மீண்டும் அளந்தபோது படம் மாறியது: படுத்திருக்கையில் 0.1 மெகாபாஸ்கல், நிற்கையில் 0.5, சாய்மானமின்றி இயல்பாக உட்கார்கையில் 0.46, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டால் 0.27, உட்கார்ந்தபடி முழுக்க முன்னால் குனிந்தால் 0.83. கார் டயரின் காற்றழுத்தம் சுமார் 0.22 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பாருங்கள். ஆனால் இந்த அளவுகள் எல்லாம் 70 கிலோ எடையுள்ள ஒரே ஒரு தன்னார்வலரின் முதுகிலிருந்து வந்தவை. கோடிக்கணக்கானோரின் வேலைநேரத்தைத் தீர்மானிக்கும் செய்தி இத்தனை சிறிய அடித்தளத்தில் நிற்பது எனக்கு வருத்தம் தருகிறது. சம்மணமிட்டும் குந்தியும் வளர்ந்த நம் முதுகுகளை நம் ஆய்வகங்களே அளக்க வேண்டும். கவர்ச்சியான துறைகளுக்கு மட்டும் நிதியைத் திருப்பிவிட்டு இத்தகைய பொறுமையான ஆய்வுகளைக் காயப்போடுவது தவறு என்பதே என் கருத்து.

இனி 90 டிகிரிக்கு வருவோம். நிற்கும்போது இடுப்புப் பகுதி இயல்பாகவே உள்நோக்கி வளைந்திருக்கிறது. உட்காரத் தொடை மடங்கினால், பின்தொடைத் தசைகள் இடுப்பெலும்பைப் பின்பக்கமாகச் சுழற்றி அந்த வளைவைத் தட்டையாக்கிவிடுகின்றன. வட்டின் முன்பகுதி நசுங்கிப் பின்பகுதி இழுபடுகிறது. 1953இல் அமெரிக்க மருத்துவர் கீகன் எக்ஸ்ரே படங்களால் இதைக் காட்டினார். 2006இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் 22 பேரை உட்காரவைத்து எடுத்த எம்.ஆர்.ஐ. ஆய்வில், உடலுக்கும் தொடைக்கும் இடையே 135 டிகிரி இருக்கும்படி சாய்ந்திருந்தபோது வட்டுகளில் மாற்றம் மிகக் குறைவாக இருந்தது. 135 டிகிரியில் விசைப்பலகை எட்டாது; 100 முதல் 110 வரை சாய்வது நடைமுறைக்கு ஒத்துவரும். எனவே வாசகர் இருபதாயிரத்தை எடுப்பதற்கு முன், பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி இடுப்பின் வளைவில் வைத்துப் பார்க்கட்டும். பாதம் தரையில் முழுதாகப் பதியவில்லையென்றால் ஒரு மணைப்பலகையைக் காலடியில் போடலாம். மடிக்கணினியைப் புத்தக அடுக்கின்மேல் ஏற்றித் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, தனி விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொண்டால், முன்னால் குனியும் அந்த 0.83 பெருமளவு தவிர்க்கப்படும்.

மேசையை எந்தத் திசையில் போடுவது என்பதை வாஸ்துவிடம் விட்டுவிட வேண்டாம். கிழக்கு பார்த்தே உட்கார வேண்டும் என்று உறவினர் ஒருவர் மேசையைத் திருப்பிப் போட்டதால், முதுகுக்குப் பின்னால் அமைந்த ஜன்னலின் ஒளி திரையில் விழுந்து கூச, எழுத்தைப் படிக்க அவர் நாள் முழுதும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்பிய அன்றே அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அசையாமல் இருந்தால் கூழ் இறுகத்தான் செய்யும். ஆகவே என் மேசையில் தண்ணீர் பாட்டில் வைப்பதில்லை. சொம்பு சமையலறையில் இருக்கிறது, கைப்பேசி மின்னேற்றி அடுத்த அறையில் இருக்கிறது, அழைப்பு வந்தால் நடந்துகொண்டே பேசுகிறேன். கால் மரத்துப்போனாலோ வலி காலுக்கு இறங்கினாலோ இவையெல்லாம் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றபடி, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ‘கொஞ்சம் கட்டையைச் சாய்த்துவிட்டு வருகிறேன்’ என்று பாட்டி பாயை விரிப்பாள். அதையே நானும் இருபது நிமிடம் செய்கிறேன். கெண்டைக்காலை நாற்காலியின்மேல் தூக்கி வைத்துத் தரையில் மல்லாந்து படுத்திருக்கும்போது, காலையிலிருந்து பிழியப்பட்ட 23 வட்டுகளும் மெல்ல நீரை உறிஞ்சத் தொடங்குகின்றன.