ஐட்லிங் ஏறி இறங்குகிறதா? பம்பைக் கழற்றும் முன் காற்றைத் தேடுங்கள்

பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி பட்டறைக்குள் நுழையும்போதே ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இஞ்சின் ஓடும் நிலை) சரியில்லை என்பது காதுக்குத் தெரிந்துவிடும். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அல்லது நின்ற இடத்திலேயே வண்டி அதிரும். உரிமையாளர் பெரும்பாலும் தீர்ப்போடுதான் வருகிறார்: "பம்ப் போய்விட்டதாம்." ஆனால் நான் பார்த்தவற்றில் பம்ப் கெட்ட வண்டிகள் குறைவு. டீசல் பாதையில் காற்றுப் புகுந்தவையே அதிகம்.

கம்ப்யூட்டர் இல்லாத, மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன் பம்ப் (சிலிண்டர்களுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் பம்ப்) உள்ள இஞ்சின்களைப் பற்றித்தான் சொல்கிறேன். இவற்றில் வேகத்தைக் காப்பது கவர்னர். அது டீசலின் அளவைக் கூட்டிக் குறைத்து இஞ்சினை அணையாமல் வைத்திருக்கிறது. ஐட்லிங்கில் ஒரு சிலிண்டருக்கு ஒரு முறை போகும் டீசல் கடுகளவுதான். அதில் சிறு காற்றுக்குமிழி சேர்ந்தாலும் அந்த முறை எரிவது தவறும், ஆர்பிஎம் சரியும், கவர்னர் அதை ஈடுகட்டக் கூடுதல் டீசல் கொடுக்கும், ஆர்பிஎம் மேலே துள்ளும். ஆக்சிலரேட்டரை மிதித்து ஓட்டும்போது இதே குறை பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

"எங்கேயும் ஒழுகவில்லையே" என்பார்கள். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்ப் வரை உள்ள குழாயில் இஞ்சின் ஓடும்போது உறிஞ்சல்தான் நடக்கிறது. அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் நெடுநேரம் சுற்றிய பிறகே பிடிக்கிறதா? முன்பக்கம் மேடாக நிறுத்திய நாளில் சிரமம் அதிகமா? டீசல் பின்னாலுள்ள டேங்குக்கே இறங்கிவிடுகிறது என்று சந்தேகிக்கலாம்.

சோதிப்பது கடினமல்ல. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே டீசலைத் தாங்கும் ஒளிபுகும் ஹோஸ் ஒன்றைப் பொருத்துங்கள். இஞ்சின் சூடேறிய பிறகும் குமிழிகள் தொடர்ந்து ஓடினால் காற்று புகுகிறது. அடுத்து, சுத்தமான டீசல் நிரம்பிய கேனைப் பம்புக்கு மேலே உறுதியாக வைத்து, அதிலிருந்தே பம்புக்கு டீசல் கொடுங்கள். மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாயையும் அந்தக் கேனிலேயே விடுங்கள். ஐட்லிங் சீரானால் பம்ப்பும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலும் குற்றமற்றவை. தேட வேண்டிய இடம் டேங்கிலிருந்து ஃபில்டர் உட்பட பம்ப் வரை.

காடு மேடு ஓடும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது சேஸிஸ் ஓரமாகப் போகும் இரும்புக் குழாயை. கிளாம்பின் அடியில் சேறு தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். பிறகு கிளிப்புக்கு அடியில் இறுகிப்போன ரப்பர் ஹோஸ், நாசில்களின் மேலுள்ள ரிட்டர்ன் ஹோஸ், ஃபில்டர் தலையிலுள்ள ஹேண்ட் பிரைமர் (கையால் டீசல் ஏற்றும் சிறு பம்ப்). பம்ப் ஓவர்ஹாலும் புது நாசில்களும் முடிந்த பிறகும் ஏறி இறங்கிய ஒரு வண்டியில், பிரைமருக்குள் இருந்த ரப்பர் வெடித்திருந்தது. ஒரு கேன் சோதனை செய்திருந்தால் அவ்வளவு செலவும் மிஞ்சியிருக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

காற்று இல்லை, ஆனால் ஒரே தாளத்தில் மிஸ் ஆகிறது, அதாவது எரிவது தவறுகிறது என்றால் சிக்கல் ஏதோ ஒரு சிலிண்டரில் இருக்கிறது. நாசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி இறுக்கிப் பார்ப்பது பழைய முறை. எதைத் தளர்த்தினால் ஓசை மாறவில்லையோ அதுவே வேலை செய்யாத சிலிண்டர். அந்த நாசிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றுங்கள், புதுச் செம்பு வாஷரோடு. குறை கூடவே போனால் நாசில். அங்கேயே நின்றால் டேப்பட் (வால்வு) இடைவெளி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) என்று பார்த்துவிட்டுக் கடைசியாகப் பம்ப்.

ஆனால் இந்தச் சோதனை பழகியவர் செய்ய வேண்டியது. பழைய நாசில் திறப்பதற்கே 100 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் அழுத்தம் வேண்டும். அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு போகும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலியும் இருக்காது. உள்ளே தசை அழுகத் தொடங்கும். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும், விரலையே இழந்தவர்கள் உண்டு. கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், ஒரு காகித அட்டையை அருகே நீட்டிப் பாருங்கள். அழுத்தம் 1000 பாரைத் தாண்டக்கூடிய, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் இஞ்சினில் எந்த நட்டையும் தளர்த்தவே கூடாது.

டொயோட்டா பிஜே40 போன்ற வண்டிகளில் கவர்னர் வெற்றிடத்தால் இயங்குகிறது. அதன் டயஃப்ரம் (உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு) காய்ந்து கிழிந்தாலோ, வேக்குவம் ஹோஸ் கழன்றாலோ ஐட்லிங் நிலைக்காது. இஞ்சின் கட்டுமீறி வேகமெடுக்கவும் கூடும். ஓடும்போது அந்த ஹோஸைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது.

ஐட்லிங் வேகத்தை வைக்கும் ஐடில் ஸ்க்ரூவைத் தொடுவது எல்லாவற்றுக்கும் பிறகு. காற்றுப் புகுந்த வண்டியில் அதைத் திருகிவிட்டால் குறை சில நாள் மறையும், அவ்வளவுதான். பழுதைச் சரிசெய்து, இஞ்சின் முழுதாகச் சூடேறி, ஏசியை அணைத்த பிறகு, கையேடு சொல்லும் ஆர்பிஎம்முக்கு வைத்தால் போதும். பல பழைய இஞ்சின்களில் அது 650 முதல் 800 வரை. பம்ப்பில் சீல் வைத்த வேறு ஸ்க்ரூவும் இருக்கும். அது அதிகபட்ச வேகத்துக்கோ அதிகபட்ச டீசல் அளவுக்கோ ஆனது. அதன் சீலை உடைக்காதீர்கள்.