பொலிஸ் கூட்டிக்கொண்டு போனா முதல் 24 மணித்தியாலம்: எங்கட உரிமை என்ன

எங்கட சித்தப்பாட மகன் திருகோணமலை நிலாவெளிப் பக்கம் கடல் தொழில் செய்யிற பொடியன். வலைப் பிரச்சினை ஒண்டில "ஒரு சின்ன வாக்குமூலம் இருக்கு, வந்திட்டுப் போங்கோ" எண்டு ஸ்டேஷனில இருந்து ஃபோன் வந்து போனவன். அண்டு இரவு வீட்ட வரேல்ல. அடுத்த நாள் கோர்ட்ஸில லோயர் பார்த்தா நாலு பக்கம் சிங்களத்தில எழுதின வாக்குமூலம், ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ இவன்ட தமிழ் கையெழுத்து. "படகில வலை அறுக்கிற கத்தி கிடந்தது" எண்டு இவன் சொன்னது, அதில "கத்தியை எடுத்தன்" எண்டு இருந்தது. இவனுக்கு சிங்களம் கதைக்க கொஞ்சம் வரும், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. "கையெழுத்துப் போட்டா விடுவினம் எண்டு நினைச்சன் அண்ணா" எண்டு சொன்னான். அதுக்குப் பிறகுதான் நான் லோயரிட்ட கேட்டுக் கேட்டு இதெல்லாம் விளங்கிக்கொண்டன், எங்கட சனத்துக்கும் தெரிஞ்சிருக்க வேணும் எண்டுதான் எழுதுறன்.

முதல்ல ஃபோன். வரச்சொன்னா என்ன முறைப்பாடு, யார் குடுத்தது, என்னை சாட்சியாவா சந்தேகநபராவா கூப்பிடுறீங்க எண்டு கேளுங்கோ, கேட்கிறது குற்றமில்ல. தனியப் போகாதீங்கோ. அங்க போனாப் பிறகு எழும்பி வெளிய வர விடேல்ல எண்டா, "கைது" எண்ட சொல்லை ஆரும் சொல்லாட்டியும் அது கைதுதான். கைது எண்டா காரணம் சொல்லியே ஆகவேணும், அது 1978 அரசியலமைப்பு 13(1) ஆம் உறுப்புரையில இருக்கு. பெண்களை சோதிக்கிறதா இருந்தா இன்னொரு பெண்தான் சோதிக்க வேணும்.

கைது செஞ்ச நேரத்தை வீட்டு ஆக்கள் உடன ஒரு கொப்பியில எழுதி வைங்கோ, எத்தனை மணி, எந்த இடம், ஆர் வந்தது, வாகன நம்பர் என்ன எண்டு. ஏனெண்டா 1979 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 37 ஆம் பிரிவின்படி, சாதாரண வழக்கில பொலிஸ் ஆளை வச்சிருக்கக்கூடிய உச்ச நேரம் 24 மணித்தியாலம், நீதவானிட்ட கொண்டுபோற பயண நேரம் மட்டும் இதில சேராது. அதுக்குள்ள நீதவானுக்கு முன்னால நிப்பாட்ட வேணும். மூதூர் ஆள் எண்டாலும் கிண்ணியா ஆள் எண்டாலும் ஒரே சட்டம்தான். போயா, ஞாயிறு எண்டு சாட்டுச் சொல்லி இழுக்க ஏலாது, கோர்ட்ஸ் லீவு எண்டா நீதவான்ட வீட்டுக்கே கொண்டுபோய் ஆஜர்படுத்துவினம்.

இனி அந்த வாக்குமூலம். இதைத்தான் நான் பெரிசா சொல்லுவன். அதே சட்டத்தின் 110 ஆம் பிரிவு என்ன சொல்லுதெண்டா, எழுதினதை உங்களுக்கு வாசிச்சுக் காட்ட வேணும், அந்த பாசை விளங்காட்டி விளங்கிற பாசையில மொழிபெயர்த்துச் சொல்ல வேணும், பிழை இருந்தா திருத்தவோ கூடச் சொல்லவோ உங்களுக்கு உரிமை இருக்கு. வடக்கு கிழக்கில தமிழ் நிர்வாக மொழி, தமிழில எழுதுங்கோ எண்டு கேட்கிறது சலுகை கேட்கிறது இல்ல. தமிழ் தெரிஞ்ச ஆள் இல்ல எண்டு சொன்னா, வரும் வரைக்கும் இருங்கோ. விளங்காத கடதாசியில கையெழுத்துப் போடாதீங்கோ. போட்டுத்தான் ஆகவேணும் எண்ட நிலை வந்தா, "எனக்கு சிங்களம் வாசிக்கத் தெரியாது, வாசிச்சுக் காட்டேல்ல" எண்டு தமிழில எழுதிட்டு அதுக்குக் கீழ போடுங்கோ. உங்களையே குற்றத்தில மாட்டுற மாதிரியான கேள்விக்கு பதில் சொல்லக் கட்டாயமும் இல்ல.

பொலிசுக்கு சொன்ன குற்ற ஒப்புதலை சாட்சியா வைக்க ஏலாது எண்டு சாட்சியக் கட்டளைச் சட்டம் 25 ஆம் பிரிவு சொல்லுது, அதைக் கேட்டுட்டு சிலபேர் அப்ப என்ன கவலை எண்டு நினைக்கினம். அப்பிடி இல்ல. நாளைக்கு நீங்க சாட்சிக் கூண்டில ஏறி வேற மாதிரி சொன்னா, "அண்டைக்கு இப்பிடியெல்லோ சொன்னீர்" எண்டு அந்த வாக்குமூலத்தை எடுத்து நீட்டலாம்.

பயங்கரவாதத் தடைச் சட்டம், அதுதான் பிடிஏ, இதெல்லாத்தையும் விட வேற. அதில உதவி பொலிஸ் அத்தியட்சகர் இல்லாட்டி அதுக்கு மேல உள்ள அதிகாரிக்கு குடுத்த ஒப்புதலை சாட்சியாவே எடுக்கலாம். ஆகக்கூடிய தடுப்புக்காவல் 2022 திருத்தத்தோட 18 மாசத்தில இருந்து 12 மாசமா குறைஞ்சது, ஆனா அதுவே ஒரு வருசம் எல்லோ. பிடிஏ எண்டு ஒரு சொல் காதில விழுந்தா ஒரு நிமிஷமும் யோசிக்காம மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 எண்ட நம்பருக்கு ஃபோன் அடியுங்கோ, திருகோணமலையிலயும் அவையின்ட பிராந்திய அலுவலகம் இருக்கு. அந்தக் கைதை 48 மணித்தியாலத்துக்குள்ள ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது சட்டம்.

அடிச்சா? வெக்கப்பட்டு மறைக்காதீங்கோ. நீதவானுக்கு முன்னால வாயைத் திறந்து சொல்லுங்கோ, சட்ட வைத்திய அதிகாரியிட்ட அனுப்பக் கேளுங்கோ. காயம் ஆற முதல் காட்ட வேணும். 1994 ஆம் ஆண்டு 22 ஆம் இலக்க சட்டத்தில சித்திரவதைக்கு 7 இல இருந்து 10 வருசம் வரை சிறை. அடிப்படை உரிமை மீறல் மனு எண்டா உயர் நீதிமன்றத்தில, அதுதான் சுப்ரீம் கோர்ட்ஸில, ஒரு மாசத்துக்குள்ள போட வேணும். அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்திருந்தா, அங்க விசாரணை நடக்கிற காலம் கணக்கில சேராது.

பிணையைப் பற்றி சனம் நினைக்கிறது தலைகீழ். 1997 ஆம் ஆண்டு 30 ஆம் இலக்க பிணைச் சட்டத்தின்படி பிணை குடுக்கிறதுதான் விதி, மறுக்கிறதுதான் விதிவிலக்கு. ஓடிருவார், சாட்சியை வெருட்டுவார், திரும்பவும் குற்றம் செய்வார் எண்ட மாதிரி காரணம் காட்டித்தான் மறுக்கலாம். கொலை, பிடிஏ மாதிரி வழக்கில நீதவானிட்ட பிணை கிடைக்காது, மேல போக வேணும். சரீரப் பிணைக்கு, அதாவது ஆளுக்குப் பொறுப்பா, நிக்கிற ஆக்கள் கிராம சேவகரிட்ட வதிவிட உறுதிக் கடிதம் எடுத்து, பிரதேச செயலகத்தில ஒப்பம் வாங்கி, அடையாள அட்டையோட காலமையே கோர்ட்ஸில நிக்க வேணும். எங்கட வீட்டில இது தெரியாம பிணை கிடைச்ச பிறகுதான் கடிதத்துக்கு ஓடினது. அதால பொடியன் இன்னும் ரெண்டு இரவு உள்ளுக்க இருந்தான்.

லோயருக்கு காசில்ல எண்டா சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, 1978 இல சட்டம் போட்டு அமைச்சது, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு இலவசமா வாதாடுவினம். வாசலில நிண்டு "நான் முடிச்சுத் தாறன்" எண்டு காசு கேட்கிற ஆக்களிட்ட போகாதீங்கோ.

கடைசியா, குற்றச்சாட்டை வாசிச்சுக் காட்டி குற்றவாளியா சுத்தவாளியா எண்டு கேட்கேக்க, "ஒத்துக்கொண்டா சின்னத் தண்டம்தான், வீட்ட போகலாம்" எண்டு ஆரும் காதுக்குள்ள சொன்னா லோயரிட்ட கேட்காம தலையாட்டாதீங்கோ. அது பதிவில நிண்டு, வெளிநாடு போக பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கேக்க முன்னால வரும். நீதவான் தீர்ப்பு பிழை எண்டு நினைச்சா மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான், தீர்ப்பு வந்த அண்டே லோயரிட்ட கதையுங்கோ.