ஸ்ட்ரீமிங் வேறு, நேரலை வேறு

எந்தப் பழைய பாட்டு செயலிக்கு வந்தாலும், ஸ்ட்ரீமிங் என்ற சொல்லைத் தமிழாக்குவதாக நினைத்து ‘இப்போது நேரலையில்’ என்று போட்டுவிடுகிறார்கள். ராமேசுவரத்திலிருந்து தொண்டி வரை வாட்ஸ்அப் அறிவிப்பிலும் இதே, பாட்டுப் பதிவு செய்பவர்களின் பேச்சிலும் இதே. நாகூர் ஹனிபா பாடல்களுக்கும் அப்படி எழுதியிருந்ததைப் பார்த்தபோது பொறுக்க முடியவில்லை. ராமநாதபுரத்தில் பிறந்து, 2015-இல் மறைந்தவர் அவர். அவர் குரல் பதிவாக இருக்கிறது. அது நேரலை ஆகாது.

நேரலை நல்ல சொல்தான். நடக்கும்போதே காட்டுவது நேரலை. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத் திறப்பை வீட்டிலிருந்தே பார்த்தோமே, அது நேரலை. ஸ்ட்ரீமிங் என்பது அனுப்பும் முறை. கோப்பு முழுவதும் வந்து சேரக் காத்திராமல், துண்டு துண்டாக வர வர ஒலிக்க விடுவது. ஆங்கிலச் சொல்லின் வேருக்கு ஓடுதல் என்று பொருள், அவ்வளவுதான். நேரலையை ஸ்ட்ரீமிங் வழியாக அனுப்பலாம், ஐம்பது வருடத்துக்கு முந்தைய பாட்டையும் அனுப்பலாம். அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா?

1999-இல் வந்த நாப்ஸ்டரும் 2003-இல் வந்த ஐடியூன்ஸ் கடையும் பாட்டை இறக்கி வைத்துக்கொள்ளும் காலத்தைச் சேர்ந்தவை. ஸ்ட்ரீமிங் வழியாகப் பாட்டுக் கொடுக்கும் ஸ்பாட்டிஃபை 2008-இல் ஸ்வீடனில் தொடங்கி 2019-இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று உலக அளவில் ஒலிப்பதிவு இசையின் வருமானத்தில் பாதிக்கு மேல் ஸ்ட்ரீமிங் வழியாகத்தான் வருகிறது.

பணம் அங்கே இருப்பதால்தான் சொல் சரியாக இருக்க வேண்டும் என்கிறேன். ஒப்பந்தத் தாளில் ‘நேரலை உரிமை’ என்று எழுதி நீட்டினால், கரைவலை இழுக்கும்போது அம்பா என்னும் மீனவர் பாட்டைப் பாடிய பெரியவர் என்ன நினைப்பார்? அன்றைக்கு ஒரு நாள் காட்டப்போகிறார்கள் என்றுதான் நினைப்பார். கொடுப்பதோ பல வருட உரிமை. இன்னொன்று: ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 வினாடி கேட்டால் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. 2024 முதல், 12 மாதத்தில் குறைந்தது 1,000 ஸ்ட்ரீம் வராத பாட்டுப் பதிவுக்குப் பங்குத்தொகை இல்லை. இதை ‘1,000 நேரலை’ என்று மொழிபெயர்த்தால் ஆயிரம் கச்சேரி பாட வேண்டும் என்றல்லவா பொருள் வரும்!

சரி, மாற்றுச் சொல்? ‘ஓடை’ என்கிறார்கள் சிலர். அகராதியில் பார்த்து எடுத்த சொல் அது. ஓடை ஓர் இடத்தின் பெயர். நமக்குத் தேவை செயலின் பெயர். எங்கள் மாவட்டத்து ஓடைகளில் வருடத்தில் பெரும்பகுதி மணல்தான் கிடக்கும். ‘தாரை’ என்பவர்களும் உண்டு. மற்ற துறைகளில் அது பொருந்தலாம், இசையில் பொருந்தாது. தாரை தப்பட்டை என்று ஊதுகருவிக்கே அந்தப் பெயர் இருக்கிறது. ‘தாரை இசை’ என்றால் கோயில் ஊர்வலம்தான் நினைவுக்கு வரும்.

‘ஓட்டம்’ என்ற சொல்லே போதும். கடலுக்குப் போகிறவர்கள் கடல் நீர் ஓடுவதை நீவாடு என்றும் நீரோட்டம் என்றும் சொல்கிறார்கள். ரத்தம் ஓடுகிறது, தியேட்டரில் படம் ஓடுகிறது, டீக்கடையில் பாட்டு ஓடுகிறது. யாரும் கற்றுக்கொடுக்காமலே மக்கள் வாயில் இருக்கிற வினை. இசையோட்டம், ஓட்டச் சேவை, ஓட்டக் கணக்கு, ஓட்டவிட்டுக் கேட்பது என எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம். பாட்டு 1,000 ஓட்டம் தாண்டியது என்றால் அம்பா பாடியவருக்கும் புரியும்.

செயலிகளுக்குத் தமிழ் எழுதுபவர்கள் மொழிபெயர்ப்பு எந்திரம் தருவதை அப்படியே ஒட்டுவதை நிறுத்த வேண்டும். ‘பதிவிறக்கம்’ என்று எழுதும் இடத்திலும் ‘இறக்கு’ என்றாலே போதும், அதில் பதிவுக்கு என்ன வேலை? ஓட்டம் பிடிக்கவில்லை என்றால் ஸ்ட்ரீமிங் என்றே எழுதுங்கள். எனக்குத் தனித்தமிழ் மேல் எவ்வளவு பற்று இருந்தாலும் அதைப் பொறுத்துக்கொள்வேன். ஒப்பந்தத் தாளில் மட்டும் நேரலை என்று எழுதாதீர்கள்.