கோக்குவின் குத்து, தஞ்சிரோவின் வாள்: வேகம் எங்கே இருக்கிறது?

குமரி மாவட்டம் கருங்கல் ஊரில் இருந்து ஒரு பிளஸ் டூ மாணவர் எழுதியிருக்கிறார். வீட்டில் அண்ணன் 'டிராகன் பால் இசட்' கட்சி, இவர் 'டெமன் ஸ்லேயர்' கட்சி. இரண்டும் அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள். முதலாவதின் நாயகன் கோக்கு, இரண்டாவதின் நாயகன் தஞ்சிரோ. 2025 செப்டம்பரில் டெமன் ஸ்லேயரின் 'இன்ஃபினிட்டி காசில்' படம் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்ததில் இருந்து சண்டை முற்றிவிட்டதாம். "சார், கோக்கு சண்டை போடும்போது பாதி நேரம் ஸ்கிரீன்ல ஆளே இல்ல. வானத்துல சும்மா வட்டம் வட்டமா வெடிக்குது. அதுதான் உண்மையான வேகம்னு அண்ணன் சொல்லுதான். தஞ்சிரோ வாள் வீசினா ஒவ்வொண்ணும் தெரியுது. செகண்டுக்கு எத்தனை படம் வரைஞ்சா வேகமாத் தெரியும்? நெறைய வரைஞ்சா கதையும் நல்லா வருமா? அம்மா வேற இதப் பாத்தா வலிப்பு வரும்னு சொல்லுதா."

மூன்று கேள்வியும் நல்ல கேள்வி. கணக்கை முதலில் முடித்துவிடுவோம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாத படம், ஓடுகிறது. 24-க்கும் தனித்தனியாக வரைந்தால் வாரா வாரம் எபிசோடு கொடுக்க முடியாது. 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' ஜப்பான் தொலைக்காட்சியில் வாராந்திரத் தொடராக வந்தபோது, ஒரே ஓவியத்தை மூன்று ஃபிரேமுக்கு அப்படியே நிறுத்திவைக்கும் சிக்கனம் அங்கே வேரூன்றியது. நொடிக்கு 8 ஓவியம். 22 நிமிட எபிசோடில் எல்லாமே ஓயாமல் அசைந்தால் அப்போதும் 10,560 ஓவியம் வேண்டும். அதையும் யாரும் வரைவதில்லை. பேசும்போது வாய் மட்டும் அசையும், காற்றில் முடி மட்டும் பறக்கும், மற்றதெல்லாம் சிலை.

வெறும் எட்டு ஓவியம் எப்படி ஓட்டமாகிறது? ஒரு பிம்பம் விழித்திரையில் நொடியில் 16-இல் ஒரு பங்கு நேரம் தங்குவதால்தான் சினிமா ஓடுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். யோசித்துப் பாருங்கள், முந்தைய படம் கண்ணில் தங்கினால் அடுத்த படம் அதன் மேல் ஏறிக் கலங்கத்தானே வேண்டும்? அசைவு எங்கிருந்து வரும்? 1912-இல் உளவியலாளர் மேக்ஸ் வெர்தைமர் இரண்டு கோடுகளை மாறி மாறிக் காட்டிப் பார்த்தார். இடைவெளி நொடியில் 30-இல் ஒரு பங்காக இருந்தாலும் அசைவு இல்லை, 5-இல் ஒரு பங்காக இருந்தாலும் இல்லை. நடுவில் ஓரிடத்தில், ஏறக்குறைய 16-இல் ஒரு பங்கில், ஒரு கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகவே பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது. நகர்ந்த பொருள் எதுவும் இல்லை. அசைவை மூளை தானாகச் செய்துகொள்கிறது.

எப்படிச் செய்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு வண்டு. இந்தக் கதையைச் சொல்லத்தான் நான் இந்தக் கடிதத்தையே தேர்ந்தெடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹாசன்ஸ்டைன் உயிரியலாளர், வெர்னர் ரைகார்ட் இயற்பியலாளர். இருவரும் சேர்ந்து ஒரு பச்சை நிறக் கூன்வண்டைப் பிடித்தார்கள். நம் தென்னந்தோப்புகளைத் துளைத்துத் தள்ளும் சிவப்புக் கூன்வண்டின் தூரத்துச் சொந்தம். வண்டின் முதுகை ஒரு குச்சியில் ஒட்டி அந்தரத்தில் தொங்கவிட்டு, அதன் காலில் வைக்கோலால் செய்த ஓர் உருண்டைக் கூட்டைக் கொடுத்தார்கள். கூடு முழுவதும் கவட்டை கவட்டையாகப் பிரியும் பாதைகள். வண்டு நடப்பதாக நினைத்துக் கூட்டைக் கீழே உருட்டும். ஒவ்வொரு கவட்டையிலும் இடமா வலமா என்று முடிவெடுக்கும். சுற்றிலும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் நகரும் உருளை. கோடு போகும் பக்கமே வண்டும் திரும்பும். அதன் கண்ணில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஒளி பட்டாலே போதும், வண்டுக்கு அது 'அசைவு'.

1956-இல் இருவரும் அதற்கான நரம்புச் சுற்றை (சர்க்யூட்டை) எழுதிக் காட்டினார்கள். வில்லுக்குறியில் ஒருவர், தக்கலையில் ஒருவர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். நாகர்கோவிலில் இருந்து வரும் பஸ் வில்லுக்குறியைத் தாண்டியதும் அங்கிருப்பவர் ஒரு செய்தி அனுப்புகிறார். அந்தச் செய்தி வேண்டுமென்றே பத்து நிமிடம் தாமதமாகப் போகிறது. தக்கலைக்காரர் கண்ணில் பஸ் படுவதும் கையில் செய்தி கிடைப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால் மட்டும் மணி அடிப்பார். எதிர்த்திசையில் வரும் பஸ்ஸுக்கு மணி அடிக்காது, ஏனென்றால் செய்தி வரும்போது பஸ் போய் வெகுநேரம் ஆகியிருக்கும். இதையே திருப்பிப் போட்டு எதிர்த்திசைக்கு இன்னொரு ஜோடி. இரண்டு மணிக்கும் உள்ள வித்தியாசம்தான் அசைவு. இந்தச் சுற்றுக்குப் பஸ் இடையில் உண்மையிலேயே ஓடியதா என்று தெரியாது, தேவையும் இல்லை. வில்லுக்குறியில் ஒரு பஸ்ஸையும் தக்கலையில் அதே நிறத்தில் வேறொரு பஸ்ஸையும் சரியான நேரத்தில் காட்டினால் மணி அடித்துவிடும். அனிமே முழுவதும் இந்த ஓட்டையில்தான் பிழைக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இரண்டு சமிக்ஞைகளும் சேரும் இடத்தில் நடப்பது பெருக்கல். அப்படியானால் முதலில் வெளிச்சத்தையும் அடுத்து இருட்டையும் காட்டினால் கூட்டலும் கழித்தலும் பெருகிக் கழித்தலாக வேண்டும். அதாவது திசை தலைகீழாக வேண்டும். காட்டிப் பார்த்தார்கள். வண்டு எதிர்ப்பக்கம் திரும்பியது! ஏழாம் வகுப்புக் குறிக்கணக்கு ஒரு வண்டின் தலைக்குள் ஓடுகிறது. மனிதர்களுக்கும் அப்படியே தெரிகிறது என்று 1970-இல் ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸ் காட்டினார். சண்டை அனிமேயில் அடி விழும் கணத்தில் ஓரிரு ஃபிரேம் மட்டும் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறுமே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டு ஞாபகம்தான்.

(வைக்கோல் உருண்டையில் வண்டு நடக்கவிடப் பணம் கேட்டு இன்று நம்மூரில் ஒருவர் விண்ணப்பித்தால், 'சமூகத்துக்கு என்ன பயன்' என்ற கட்டத்தில் அவர் என்ன எழுதுவார்? 2020-21-இல் நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடுதான் ஆராய்ச்சிக்குச் செலவிட்டோம். அதிலும் உடனே காசாகும் ஆய்வுக்கே முதல் பந்தி.)

உங்கள் தலைக்குள்ளும் இந்தச் சுற்று இருக்கிறதா என்று பார்க்கக் குலசேகரம் வரை போனால் போதும். திற்பரப்பு அருவிக்கு எதிரே நின்று, விழும் தண்ணீரில் ஒரே இடத்தை ஒரு நிமிடம் இமைக்காத குறையாகப் பாருங்கள். பிறகு சட்டென்று பக்கத்துப் பாறைக்குக் கண்ணைத் திருப்புங்கள். பாறை மேல்நோக்கி ஊர்ந்து போகும். ஆனால் இருந்த இடத்தை விட்டு நகராது! இரண்டையும் ஒருசேர உணர்வீர்கள். 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் கண்டு எழுதியதும் இதைத்தான். கீழ்நோக்கிய மணிக்காரர்கள் அடித்து அடித்துக் களைத்துவிட, மேல்நோக்கியவர்களின் மெல்லிய ஒலி மிஞ்சிவிடுகிறது. கழித்தல் கணக்கில் விடை மேல் என்று வருகிறது. பக்கத்திலேயே மகாதேவர் கோயிலும் இருப்பதால், பாறை எழும்பும் அற்புதம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் ஓட்டுவதற்கு முன் சொல்லிவைக்கிறேன், அற்புதம் பாறையில் இல்லை.

அந்தச் சுற்று போய்விட்டால் எப்படி இருக்கும்? 1983-இல் மியூனிக் ஆய்வாளர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். மூளையில் அசைவுக்கென்றே உள்ள பகுதி இருபுறமும் பாதிக்கப்பட்டவர். நிறம் தெரியும், முகம் தெரியும், அசைவு மட்டும் தெரியாது. தேநீர் ஊற்றினால் அது பனிக்கட்டியாக உறைந்து நிற்பதுபோல் தெரியும். எப்போது கோப்பை நிறைந்தது என்று தெரியாமல் வழியவிடுவார்.

சரி, இந்தச் சுற்றுக்கு ஓர் எல்லை உண்டு. ஆரல்வாய்மொழி காற்றாலையை வரைய வேண்டும் என்று வையுங்கள். இறக்கை மூன்றும் ஒன்றுபோல இருப்பதால் 120 பாகை சுற்றினால் பழைய படமே திரும்ப வந்துவிடும். படத்துக்கு 30 பாகை வீதம் திருப்பினால் நான்கே ஓவியத்தில் காற்றாலையை நாள்முழுக்கச் சுற்ற விடலாம். இன்னும் வேகமாகக் காட்ட 60 பாகை திருப்பினால் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றே தெரியாது. 80 பாகை என்றால் பின்னோக்கிச் சுற்றும், ஏனென்றால் மூளை பக்கத்தில் கிடைக்கும் இறக்கையோடுதான் ஜோடி சேர்க்கும். கோக்குவின் முஷ்டிக்கும் இதே கதிதான். இரண்டு ஓவியத்துக்கு நடுவே அது பாதித் திரையைத் தாண்டினால் ஓட்டம் அறுந்து, இங்கே ஒரு கை அங்கே ஒரு கை என்று தெரியும். ஆக, தம்பியின் முதல் கேள்விக்கு விடை எண்ணிக்கையில் இல்லை. ஓவியத்துக்கு ஓவியம் எவ்வளவு தூரம் தாவுகிறது என்பதில் இருக்கிறது.

தாவல் பெரிதாகும்போது, பாயும் பொருளுக்குப் பின்னால் இழுக்கும் வேகக்கோடு கைகொடுக்கும். வேகமாகப் போகும் பொருள் நம் பார்வையில் ஒரு கீற்றை விட்டுச் செல்கிறது. கோட்டின் சாய்வை உணரும் நரம்பணுக்கள் அந்தக் கீற்றை வைத்தே திசையைச் சொல்லிவிடும் என்று 1999-இல் வில்சன் கைஸ்லர் காட்டினார். தஞ்சிரோவின் வாளைத் தொடர்ந்து பழைய ஜப்பானிய மரவெட்டு ஓவிய பாணியில் தடித்த விளிம்போடு ஓர் அலை சுழன்று வருகிறதே, அது விலையுயர்ந்த வேகக்கோடு. வாள் எப்போதோ போய்விட்டது, பாதை திரையில் நிற்கிறது. டெமன் ஸ்லேயரைத் தயாரிக்கும் யூஃபோடேபிள் நிறுவனம் பல சண்டைகளில் பின்னணியைக் கணினியில் முப்பரிமாணமாகச் செய்து கேமராவைச் சுழற்றுகிறது. கையால் வரைந்த ஆள் கொஞ்சம் ஓவியங்களிலேயே அசைய, சுற்றியுள்ள உலகம் வழுக்கிக்கொண்டு போகிறது.

டிராகன் பால் வழி வேறு. ஆளையே எடுத்துவிடு. தம்பி குறை சொல்கிற அந்த வட்ட வெடிப்புகள் உண்மையில் மகா தந்திரம். கீழே நிற்கும் கோக்குவின் நண்பன் கிரிலின் கண்ணுக்கும் எதுவும் தெரியாது, 'எங்கே போனார்கள்?' என்று முழிப்பார். யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்பதே அங்கே பலத்தின் அளவுகோல். வரையாமல் விட்டதைக் கதையாக மாற்றிவிட்டார்கள். கோக்கு பலம் கூடி 'சூப்பர் சையன்' ஆக மாறும்போது முடிக்கு வரும் பொன்னிறமும் அப்படித்தான். மங்காவில், அதாவது தொடருக்கு மூலமான சித்திரக்கதையில், கோக்குவின் தலைமுடிக்குக் கறுப்பு மை பூசும் நேரம் மிச்சமாகும் என்பதும் ஒரு காரணம் என்று அதை வரைந்த அகிரா தோரியாமாவே சொல்லியிருக்கிறார்.

இந்தத் தொடர் 1989 முதல் 1996 வரை 291 எபிசோடு ஓடியது. மங்கா இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே வாரா வாரம் ஒளிபரப்பு. மங்காவை முந்தவும் கூடாது. அதனால் அடி விழுவதற்கு முந்தைய நேரம் நீள்கிறது. முறைப்பு, மூச்சு, கத்தல், நடுங்கும் கல். நமெக் கோள் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று வில்லன் ஃப்ரீசா சொன்ன பிறகு அந்த ஐந்து நிமிடம் வாரக்கணக்கில் ஓடியதை யாரும் மறக்கவில்லை.

டெமன் ஸ்லேயரின் முதல் சீசன் 2019-இல், 26 எபிசோடு மட்டும். ஓவியங்களைச் சேமித்து உச்சத்தில் கொட்டலாம். 2019 ஆகஸ்ட் 10 அன்று வந்த 19-ஆம் எபிசோடில் அசுரன் ரூயியின் நூல்களுக்கு எதிரே தஞ்சிரோ பாயும்போது, வீச்சுக்கு நடுவிலேயே அப்பாவின் நடனம் நினைவுக்கு வருகிறது, தண்ணீர் தீயாகிறது. இங்கே நேரம் நீள்வது அடிக்கு உள்ளே. தலை விழுந்த பிறகு அசுரனின் பழங்கதைக்கும் இடம் கிடைக்கிறது. நிறைய வரைந்தால் கதை நன்றாக வரும் என்று இல்லை. நேரத்தை எங்கே இழுப்பது என்பது மாறும், அவ்வளவுதான். என் ஓட்டைக் கேட்டால், பயமுறுத்துவதில் அண்ணன் கட்சி, கலங்கவைப்பதில் தம்பி கட்சி. ஆனால் படமே காட்டிவிட்டதைத் தஞ்சிரோ மனசுக்குள் மறுபடி விளக்கிச் சொல்வதை என்னால் சகிக்க முடியவில்லை.

அம்மா சொல்வதிலும் ஒரு துளி உண்மை உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு போக்கிமான் எபிசோடில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மின்ன, அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒளிக்கு வலிப்பு வரும் இயல்பு மிகச் சிலருக்கே உண்டு. அதன் பிறகு அங்கே திரையில் இப்படி மின்னவிடுவதற்குக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம். இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம், அண்ணன் தம்பி வழக்கைத் தீர்க்க ஒரு வழி. விஎல்சி பிளேயரில் காட்சியை நிறுத்தி ஆங்கில 'இ' விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். இரண்டு தொடரிலும் ஒரு நொடிச் சண்டையை எடுத்து, எத்தனை தட்டுக்கு ஒருமுறை ஓவியம் மாறுகிறது, எந்தத் தட்டில் ஆளே காணாமல் போகிறார் என்று நோட்டில் குறித்து அனுப்புங்கள்.