ஹிம்: சொல் விளக்கம்

'மனசு சோர்ந்தால் ஒரு ஹிம் பாடு' என்று கிறிஸ்தவர்கள் சொல்வதுண்டு. கடவுளைப் புகழும் பாட்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் (hymn) அது. இந்தச் சொல்லின் மூலம் கிரேக்க மொழியின் 'ஹிம்னோஸ்'. தெய்வங்களையும் வீரர்களையும் புகழும் பாட்டைப் பழைய கிரேக்கர்கள் அப்படி அழைத்தார்கள். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், இறைவனைப் புகழும் பாட்டுக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த பிறகு கடைசியில் உள்ள 'ன்' (n) எழுதும்போது மட்டும் தங்கி, பேச்சில் விழுந்துவிட்டது. பாட்டுப் புத்தகத்தை 'ஹிம்னல்' என்னும்போது அது மறுபடி காதில் விழும்.

ஹிம் என்றால் என்ன என்பதற்குப் பழங்காலத் திருச்சபை அறிஞர் அகஸ்தீன் 148ஆம் சங்கீத விளக்கவுரையில் ஒரு கறாரான வரையறை தருகிறார்: புகழ் இருக்க வேண்டும், அது கடவுளின் புகழாக இருக்க வேண்டும், அதைப் பாடவும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது ஹிம் இல்லை. பாடுகிறவரின் சோகமோ ஆறுதலோ இந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்படியானால் தேறுதல் எங்கிருந்து வருகிறது?

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் வரும் இடங்களைப் பார்த்தால் பிடிபடும். கடைசி இராப்போஜனம் முடிந்து, பிடிபடப் போகும் இரவில், இயேசுவும் சீடர்களும் பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போகிறார்கள் (மத்தேயு 26:30). யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்தில் பாடும் 113 முதல் 118 வரையான சங்கீதங்களின் பகுதி அது என்பது பலருடைய கருத்து. பிலிப்பி சிறையில், அடிபட்டுக் கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடுகிறார்கள்; மற்ற கைதிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் (அப்போஸ்தலர் 16:25). இரண்டு இடத்திலும் கிரேக்க வினை ஒன்றே, 'ஹிம்னோஸ்' வேரிலிருந்து வந்தது. தங்கள் நிலைமையைப் பாடாமல் கடவுளைப் பாடியதுதான் அவர்களை நிமிர்த்தியது என்று நான் நினைக்கிறேன். கொலோசெயர் 3:16 இன்னொன்றையும் சேர்க்கிறது: பாட்டால் 'ஒருவருக்கொருவர்' புத்திசொல்ல வேண்டும். சோர்ந்தவருக்குத் தொண்டை எழும்பாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பாடுவார், அவ்வளவுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். வேதத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்த ஒரே வேர்ச்சொல்லை மூன்று விதமாகத் தருகிறது. மத்தேயுவில் 'ஸ்தோத்திரப்பாட்டு', அப்போஸ்தலரில் 'துதித்துப் பாடினார்கள்', கொலோசெயரில் 'கீர்த்தனை'. கொலோசெயரின் வரிசை 'சங்கீதங்கள், கீர்த்தனைகள், ஞானப்பாட்டுகள்' என்று போகும்; நடுவில் நிற்பதே ஹிம். ஆனால் சபையின் புழக்கத்தில் கீர்த்தனை என்றால் வேறு. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எழுதியவை போல, பல்லவி, அனுபல்லவி, சரணத்தோடு ராகத்தில் பாடுவதுதான் கீர்த்தனை. மேல்நாட்டு மெட்டில் பாடும் மொழிபெயர்ப்புப் பாட்டுக்கு 'ஞானப்பாட்டு', 'பாமாலை' என்ற பெயர்கள் நிலைத்துவிட்டன. ஆக, வேதத்தில் கீர்த்தனை என்று பெயர்க்கப்பட்ட ஹிம், பாட்டுப் புத்தகத்தில் கீர்த்தனைக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது! எந்தப் பக்கத்தில் இருந்தாலும் கடவுளைப் புகழ்ந்து பாடினால் அது ஹிம்தான். மெட்டு எந்த நாட்டுடையது என்பது சொல்லின் பொருளில் இல்லை.

கீர்த்தனையும் ஸ்தோத்திரமும் வடமொழிச் சொற்கள். 'கீர்த்தி' உறவுக்காரச் சொல். 'துதி' என்பது வடமொழி 'ஸ்துதி' தமிழில் கரைந்த வடிவம். 1995இல் வந்த 'திருவிவிலியம்' என்ற வேத மொழிபெயர்ப்பு கொலோசெயரில் 'புகழ்ப்பா' என்கிறது. நல்ல தமிழ், அகஸ்தீன் கேட்ட புகழும் பாட்டும் இதற்குள் இருக்கின்றன. கடவுள் மட்டும் சொல்லுக்கு வெளியே நிற்கிறார், அதனால் தேவையானால் 'இறைப்புகழ்ப்பா' எனலாம். எழுத்தில் என் தேர்வு இதுவே.

பேச்சில் 'துதிப்பாட்டு' போதும். இப்போது பரவலாகச் சொல்லும் 'வொர்ஷிப் சாங்' கொஞ்சம் அகலமானது. வேண்டுதல், அர்ப்பணிப்பு, அழுகை எல்லாம் அதில் அடங்கும், எனவே அதற்கு 'ஆராதனைப் பாட்டு' பொருந்தும். அப்புறம், 'ஹிம் நம்பர்' என்று அறிவிப்பவர்களுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். 'பாட்டு எண்' என்றாலே எல்லாரும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.